அமுதசுரபியும் அறிவிப்புப் பலகையும்

மணிமேகலைக் காப்பியத்தை வகுப்பறையில் நடத்தத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதுகலையில் எனக்கு அதைக் கற்பித்த பேராசிரியர், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையை நடத்தும் நாளில் மட்டும் நூலைத் திறக்கமாட்டார். முழுவதையும் மனத்திலிருந்தே சொல்வார். காயசண்டிகை வடிவில் மணிமேகலை சிறைக்குள் நுழைவதும், பசியால் வாடிக் கிடந்தோர் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து உணவு பெருகி வருவதும் அவர் குரலில் கண்முன் நிகழும். நானும் ஆசிரியரானபின் அதே முறையைப் பின்பற்றினேன். அந்தக் காதையை நடத்தி முடிக்கும்போது வகுப்பில் நிலவும் அமைதியை என் ஆசிரியப் பணியின் பேறுகளுள் ஒன்றாகக் கருதி வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், அந்த அமைதியைக் கலைத்து ஒரு மாணவி எழுந்தாள். இளங்கலை இரண்டாம் ஆண்டு. அதிகம் பேசாதவள்.

"அம்மா, ஒரு சந்தேகம். மணிமேகலை வந்த அன்னைக்கு அவங்களுக்குச் சோறு கிடைச்சுது. அவ வர்றதுக்கு முந்தின நாளு அவங்களுக்குச் சோறு போட வேண்டியது யாரோட வேலை?"

"அரசனுடைய வேலைதான்" என்றேன்.

"அப்ப அவன் ஏன் போடலை?"

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அதுவரை எந்த உரையாசிரியரிடமும் நான் தேடாத ஒரு கேள்வி அது.

அக்கேள்வி எங்கிருந்து வந்தது என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. அவளோடு விடுதியில் தங்கியிருந்த மற்றொரு மாணவி சொன்னாள். அரசிடமிருந்து வரவேண்டிய கல்வி உதவித்தொகை அவ்வாண்டு பல மாதங்கள் தாமதமாகியிருந்தது. அதை நம்பியிருந்த மாணவியர் விடுதியின் உணவுக் கட்டணத்தைக் கட்ட இயலவில்லை. நிலுவை வைத்திருப்போர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. குறிப்பிட்ட நாளுக்குப்பின் அவர்களுக்கு உணவு கிடையாது என்றும் கீழே எழுதப்பட்டிருந்தது. அவள் பெயர் அப்பட்டியலில் நான்காவது. ஒரு வாரமாக அறைத்தோழியின் தட்டிலிருந்து ஒரு வேளை மட்டும் பகிர்ந்து உண்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். சிறையில் பசித்திருந்தவர்களைப் பற்றி நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் வயிறு காலியாக இருந்திருக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். விடுதிக் காப்பாளரிடம் சென்று அவளுடைய நிலுவையை என் பணத்திலிருந்து கட்டினேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் மாலை அவள் துறைக்கு வந்தாள். "நீங்க கட்டினது தெரியும்மா. ரொம்ப நன்றி" என்றாள். பிறகு சிறிது நேரம் பேசாமல் நின்றாள். "ஆனா பலகையில இன்னும் பதினோரு பேரு இருக்காங்கம்மா. எங்களுக்கு வர வேண்டிய பணம்னு ஒண்ணு இருக்கு. அது ஏன் வரலைன்னுதான் நாங்க கேக்குறோம். நீங்க குடுத்துட்டா, அது வராததையே எல்லாரும் மறந்துருவாங்க."

அவள் குரலில் சினம் இல்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. நன்றியோடு வருவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நன்றியோடுதான் வந்திருந்தாள். அதற்குமேலும் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள்.

*

அன்றிரவு மணிமேகலையை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். தேர்வுக்காகவோ வகுப்புக்காகவோ அல்லாமல், கேள்வியோடு படித்தது அதுவே முதல்முறை.

முதலில் என்னைத் தடுத்து நிறுத்தியவன் ஆபுத்திரன். அமுதசுரபிக்கு முதலில் உரியவன் அவன். வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்தமைக்காக ஊரைவிட்டு விரட்டப்படுகிறான். அந்தணர் ஊர்களில் அவன் பிச்சை கேட்டுச் சென்றால் பாத்திரத்தில் கல்லை இடுகிறார்கள். அவன் பிறப்பை இழித்துப் பேசுகிறார்கள். அதற்கு அவன், நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை எண்ணிப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே விடை சொல்கிறான். மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, இரந்து பெற்ற சோற்றைப் பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் கால் முடங்கியோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் கொடுத்து, மிஞ்சியதை உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். கல்லிடப்பட்ட பாத்திரத்தின் நினைவோடு சோறிடுகிற ஒருவனைச் சாத்தனார் படைத்திருக்கிறார். பசியையும் இழிவையும் ஒரே பாத்திரத்தில் வைத்துக் காட்டிய காட்சியாக அது எனக்கு அன்று தெரிந்தது.

பின்பு சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். இந்திரன் வந்து, உன் கொடைக்குப் பயனாக என்ன வேண்டும் என்று கேட்கிறான். பிறர் பசி தீர்வதைக் காணும் இன்பமே போதும் என்று ஆபுத்திரன் அவனை மதிக்காமல் சிரிக்க, இந்திரன் வேறுவகையில் அவனை வெல்கிறான். பாண்டிநாடெங்கும் மழை பொழிய வைக்கிறான். வளம் பெருகுகிறது. பசித்தவர் இல்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று உண்பவர் உண்டோ என்று தேடுகிறான். அவனுக்கு வேலையில்லை.

இந்தப் பகுதியை நான் எப்போதும் இந்திரனின் சூழ்ச்சியாகவே நடத்தி வந்தேன். கொடையாளனுக்கு நேர்ந்த இரங்கத்தக்க நிலையாக மாணவர்களும் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால், ஒரு நாட்டில் அமுதசுரபிக்கு வேலையில்லாமல் போவதைவிடச் சிறந்த நிலை வேறென்ன இருக்க முடியும்? கொடுப்பவனுக்கு வாங்குபவன் தேவைப்படுகிறான் என்ற உண்மையைக் காப்பியம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. என் மாணவி என் பணத்தோடு தன் கேள்வியையும் சேர்த்து வைத்தபோது எனக்கு முகம் சுருங்கியதன் காரணம் இப்போது விளங்கியது. நானும் உண்பவர் உண்டோ என்று தேடிக்கொண்டிருந்தவள்தான்.

*

இரண்டாவது, சிறைக்கோட்டக் காதை. அங்கே மணிமேகலை உணவளித்ததைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். செய்தியறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, உனக்கு நான் செய்ய வேண்டுவது யாது என்று கேட்கிறான். அவள் இன்னும் கொஞ்சம் அரிசியோ பொன்னோ கேட்கவில்லை. சிறையையே அகற்றி அதை அறவோர் வாழும் இடமாக்கித் தரவேண்டும் என்று கேட்கிறாள். மன்னனும் இசைகிறான். கொடுஞ்சிறை இருந்த இடத்தில் புத்தர் கோயிலும் துறவோர் பள்ளியும் சமைக்கும் கூடமும் உண்ணும் கூடமும் எழுகின்றன. பசித்தவனுக்குச் சோறு போடுவதோடு நிற்காமல், பசியை உண்டாக்கும் அமைப்பின்மேலும் கைவைத்த முதல் பெண் குரல் நம் இலக்கியத்தில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் காப்பியம் அங்கே முடிந்துவிடவில்லை. அது பத்தொன்பதாம் காதை. இருபத்திரண்டாம் காதையின் பெயர் சிறைசெய் காதை. இளவரசன் உதயகுமரன் கொல்லப்பட்டபின், மணிமேகலை தானே காவலில் வைக்கப்படுகிறாள். அடுத்த காதையில் அரசமாதேவி அவளை மன்னனிடமிருந்து தன்பால் பெற்றுச் சென்று துன்புறுத்துகிறாள். உணவு கொள்ளாத நோய் அவளுக்கு வந்துவிட்டது என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைக்கிறாள். சிறையில் இருந்தவர்களுக்கெல்லாம் சோறிட்டவள் அடைபட்ட அறையில் சோறின்றிக் கிடக்கிறாள். பசிபோக்கும் மந்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மந்திரம் தெரியாதவர்களின் கதி என்னவென்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஓர் அரசனின் மனம் இளகியதால் திறந்த கதவு, ஓர் அரசியின் மனம் இறுகியதால் மூடிக்கொண்டது. அருளாகக் கிடைத்த எதற்கும் இந்தக் கதி நேரலாம். உரிமை என்ற சொல் நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்த நான்கு காதை இடைவெளியைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குச் சொல்லவில்லை.

*

பௌத்தம் கடமையைப் பேசுகிறது, உரிமையைப் பேசவில்லை என்று சொல்வார்கள். நானும் கருத்தரங்குகளில் அப்படிச் சொன்னதுண்டு. பாலி மொழிச் சூத்திரங்களை மொழிபெயர்ப்பில் மீண்டும் பார்த்தபோது அக்கூற்று அரைகுறையானது என்று பட்டது.

தீக நிகாயத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் புத்தர் கூறும் அறிவுரை இருக்கிறது. திசைகளை வணங்கிக்கொண்டிருந்த அவனுக்கு, தாய் தந்தையர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோரே ஆறு திசைகள் என்று விளக்குகிறார். பணியாளரிடம் தலைவன் நடந்துகொள்ள வேண்டிய முறைகள் ஐந்து. வலிமைக்கேற்ற வேலை தருவது, உணவும் ஊதியமும் தருவது, நோயுற்றால் பேணுவது, அரிய உணவு கிடைத்தால் பகிர்வது, உரிய காலத்தில் ஓய்வு தருவது. இவற்றைக் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். பணியாளன் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஐந்தும் அவன் கேட்டுப் பெறத்தக்கவை. ஒரு பக்கம் கடமையாக இருப்பது மறுபக்கம் உரிமையாகிறது.

அதே நிகாயத்தின் வேறொரு சூத்திரத்தில் ஓர் அரசன் பெரும் வேள்வி செய்ய விரும்புகிறான். நாட்டிலோ கொள்ளை மிகுந்திருக்கிறது. கொலைத் தண்டனையாலும் சிறையாலும் கொள்ளையை ஒழிக்க முடியாது என்று புரோகிதர் கூறுகிறார். உழுவோருக்கு விதை கொடு, வணிகருக்கு முதல் கொடு, அரசுப் பணியாளருக்கு ஊதியம் கொடு, அப்போது குடிகள் தம் தொழிலில் ஈடுபட்டுக் கதவைத் திறந்துவைத்து வாழ்வார்கள் என்று வழி சொல்கிறார். சக்கரவர்த்தி சீகநாத சூத்திரம் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. வறியவர்க்குப் பொருள் கொடுக்கப்படாதபோது வறுமை பெருகியது, வறுமையால் களவு, களவால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அது அடுக்கிக்கொண்டு போகிறது. குற்றவாளியின் முற்பிறவியைத் தேடாமல் அரசனின் கருவூலத்தைத் திரும்பிப் பார்க்கும் சிந்தனை அது. "அப்ப அவன் ஏன் போடலை?" என்ற என் மாணவியின் கேள்வி இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது.

*

உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஓலையில் கிடந்த பௌத்தக் காப்பியம் அச்சேறியதும், ஒடுக்கப்பட்ட மக்களிடையே பௌத்தம் மீண்டும் எழுந்ததும் ஓராண்டில் நிகழ்ந்திருக்கின்றன. தமிழ் முதுகலையில் நான் முதலாவதைத் தேர்வுக்குப் படித்தேன். இரண்டாவதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் தமிழன் என்று பெயர் மாறிய இதழில் பண்டிதர் எழுதிக் குவித்தவற்றை நாற்பது வயதுக்குப் பிறகே படித்தேன். பௌத்தம் அவருக்கு வீடுபேற்றின் வழியாக மட்டும் இருக்கவில்லை. பிறப்பால் இழிந்தவர் என்று எழுதிவைக்கப்பட்ட மக்கள், அந்த எழுத்தையே மறுப்பதற்கான வரலாறாகவும் இருந்தது.

டாக்டர் அம்பேத்கர் இந்த மறுப்பைச் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுவந்தார். தீண்டாமையை ஒழித்த பதினேழாம் உறுப்பு நம் அரசமைப்பில் இருக்கிறது. ஆனாலும் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய நிறைவுரையில், சகோதரத்துவம் இல்லாமல் விடுதலையும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நிற்கும் என்ற எச்சரிக்கையை அவர் விட்டுச் சென்றார். 1954இல் அனைத்திந்திய வானொலியில் பேசியபோது, விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை என்றும் தம் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றதாகவும் குறிப்பிட்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். சட்டம் எழுதிய கை, சட்டம் மட்டும் போதாது என்று அறிந்து மைத்திரியைத் தேடிச் சென்றது. அரசனின் அருளை நம்பக்கூடாது என்பதற்காகச் சட்டம். சட்டத்தை எழுத்தளவில் சாகவிடக்கூடாது என்பதற்காக மைத்திரி. இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டன.

சிறைக்கோட்டத்தின் கதையும் இன்னும் முடியவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் சிறை விதிகளிலும் இன்ன சாதியார் சமைக்க வேண்டும், இன்ன சாதியார் துப்புரவு செய்ய வேண்டும் என்ற பகுப்பு பல மாநிலங்களில் நீடித்தது. இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையும் அகற்றச் சொன்னது. குடியரசாகி எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! மணிமேகலை எழுப்பிய உண்ணும் கூடத்தில் யார் சமைத்தார்கள், யார் கழுவினார்கள் என்று சாத்தனார் பிரித்துச் சொல்லவில்லை. நாம்தாம் பிரித்து எழுதி வைத்திருந்தோம்.

உணவின் கதை சற்று ஆறுதல் தருவது. 1982 ஜூலையில் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அது ஓர் அரசின் பரிவாகவே பேசப்பட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்கக் கல்வி பயிலும் குழந்தைகளுக்குச் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பரிவு உரிமையாக மாறும் வழியை இந்த ஆண்டுகளில் காணலாம். யாருடைய மனம் இறுகினாலும் குழந்தையின் தட்டு காலியாகிவிடக் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் அந்தத் தட்டில் தலித் பெண் சமைத்த சோறு இருந்தால் வேண்டாம் என்று குழந்தைகளைத் தடுக்கும் பெற்றோர் பற்றிய செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாத்திரத்தில் கல்லிடும் கை ஓயவில்லை.

*

அந்த மாணவியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

மறுநாள் அவளையும் பட்டியலில் இருந்த மற்றவர்களையும் அழைத்துப் பேசினேன். விண்ணப்பம் எழுதினோம். நான் எழுதிய முதல் வரைவில், பணிவோடு கருணை கூர்ந்து என்ற சொற்கள் இருந்தன. தமிழாசிரியரின் பழக்கம். அவள் அதைப் படித்துப் பார்த்து, "இந்தக் 'கருணை' வேணாம்மா" என்றாள். அடித்துவிட்டு, விதிகளின்படி எங்களுக்குரிய தொகை என்று எழுதினோம். உரிய அலுவலகத்துக்கு அவர்களோடு நானும் சென்றேன். மூன்றுமுறை செல்ல நேர்ந்தது. தொகை ஏழு வாரம் கழித்து வந்தது. அதுவரை அவர்களுக்கு உணவை நிறுத்துவதில்லை என்று விடுதியில் முடிவாயிற்று. அதற்காகச் சற்று உரக்கப் பேசவேண்டியிருந்தது. உடன் பணிபுரியும் சிலர் இன்றும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. நிலுவைக்காரர் பெயரைப் பலகையில் ஒட்டும் வழக்கம் நின்றது. பலகையில் இப்போது நூலகத்தின் அறிவிப்புகள் இருக்கின்றன.

தொகை வந்த மறுநாள் அவள் நான் கட்டிய பணத்தை உறையில் வைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாங்கிக்கொண்டேன். அதை வாங்கிக்கொள்வதுதான் அவளுக்கு நான் தரக்கூடிய மதிப்பு என்று அந்த நேரத்தில் எப்படியோ புரிந்தது.

இதனால் ஈகை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். விண்ணப்பம் நகர்ந்துகொண்டிருந்த ஏழு வாரமும் அந்தப் பன்னிருவருக்கும் ஏதோவொரு தட்டிலிருந்து சோறு வரத்தான் வேண்டியிருந்தது. அறைத்தோழியின் தட்டு இல்லாதிருந்தால் அவள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டிருக்கவே முடியாது. அமுதசுரபி அந்த இடைவெளிக்கு உரியது. இடைவெளியே நிலையாகிவிட்டால் பிழை பாத்திரத்தில் இல்லை.

இப்போதும் ஆண்டுதோறும் அந்தக் காதையை நூலைத் திறக்காமல்தான் நடத்துகிறேன். முடித்தபின் அமைதி நிலவும். அந்த அமைதியை இப்போது நானே கலைத்துவிடுகிறேன். மணிமேகலை வருவதற்கு முந்தைய நாள் அவர்களுக்குச் சோறு போட வேண்டியது யாருடைய வேலை என்று கேட்கிறேன். சில ஆண்டுகளில் யாரும் விடை சொல்வதில்லை. சென்ற ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்த ஊர்ல இருந்த எல்லாரோட வேலையும்தாங்கம்மா."

அவனுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. கரும்பலகையில் அதை எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.